அல்லிக் குளத்தின் முன்னால் அரை மணி நேரம்

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேயின் அல்லிக் குளத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பல் மருத்துவமனையில், காத்திருக்கும் அறையில். சட்டம் போட்டு மாட்டிய அச்சுப் படம். எதிர்ச் சன்னலின் வெயில் பல வருஷமாக விழுந்து, மஞ்சளும் சிவப்பும் வெளுத்து, படம் முழுக்க ஒரே நீலமாகிப் போயிருந்தது. பாசி பிடித்த ஒரு குளம், மேலே ஒரு பாலம். இதற்கா இத்தனை புகழ் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

பல வருஷம் கழித்து லண்டனில் அசலைப் பார்த்தபோதும் முதல் ஒரு நிமிஷம் அதே எண்ணம்தான். பக்கத்தில் வந்தவர்கள் செல்போனில் படத்தை ஒன்று, படத்தோடு தங்களை ஒன்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நானும் நகர்ந்திருப்பேன். கால் வலித்தது, பெஞ்சு காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் படம் பிடிபட ஆரம்பித்தது. அன்று தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்டதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஓவியம் பற்றி எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரமும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். வாளி எதற்கு என்பது பிறகு.

முதலில் ஒரே ஒரு படத்தை எடுங்கள்

இந்தக் குளத்து அல்லிகளை வைத்து மோனே வரைந்தவை சுமார் 250 ஓவியங்கள். எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டே போனால் மண்டைக்குள் பச்சையும் நீலமும் கலங்கிய குழம்புதான் மிஞ்சும். ஒன்று போதும். நான் சொல்வது 1899-இல் வரைந்த 'அல்லிக் குளம்', லண்டன் நேஷனல் காலரியில் இருப்பது. உயரம் 88 செ.மீ., அகலம் 93 செ.மீ. ஏறக்குறைய ஒரு பெரிய கேரம் போர்டு அளவு.

லண்டனுக்குப் போக வேண்டாம். காலரியின் இணையதளத்திலேயே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். செல்போன் திரை பத்தாது. மடிக்கணினி நல்லது, டிவியில் போட முடிந்தால் இன்னும் நல்லது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் வசதியை வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் என் பல் மருத்துவமனைக் கதையை நீங்கள் தலைகீழாக அனுபவிப்பீர்கள்.

ஒரு சின்னத் திருத்தமும் முதலிலேயே. தமிழில் சிலர் இதைத் தாமரைக் குளம் என்று எழுதிவிடுகிறார்கள். இது தாமரை இல்லை, அல்லி. நம் ஊர்க் குளங்களைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்: தாமரையின் இலையும் பூவும் தண்டோடு தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். அல்லி இலை ஒரு பக்கம் பிளந்து, தண்ணீர் மேல் தட்டுப் போல ஒட்டிக் கிடக்கும். பெயர் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இலை நீரோடு ஒட்டிக் கிடப்பதுதான் இந்த ஓவியத்தின் உயிர். தாமரையாக இருந்திருந்தால் தண்ணீரையே மறைத்திருக்கும், மோனேவுக்கு வரைய ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

எட்ட நின்று, கண்ணைச் சுருக்கி

நேரில் என்றால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள். திரையில் என்றால் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையைப் படிக்க வேண்டாம். இரண்டு நிமிஷம் சும்மா பாருங்கள். அப்புறம் தூரத்துப் பேருந்தின் பலகையைப் படிப்பதுபோலக் கண்ணைப் பாதி மூடுங்கள்.

விவரங்கள் கரைந்து பெரிய உருவங்கள் மட்டும் நிற்கும். மேற்பாதியில் இடமிருந்து வலமாக வளையும் பாலம். அதன் பின்னால் அடர்த்தியான பச்சை. கீழே, நம் பக்கமாக வர வர அகலமாகும் தண்ணீர். அதன்மேல் வெளிறிய பட்டைகளாக அல்லிக் கூட்டங்கள். இவ்வளவுதான் படத்தின் எலும்புக்கூடு.

இப்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வானம் எங்கே? தேடிப் பாருங்கள், கிடைக்காது. வெட்டவெளியில் வரைந்த படத்தில் வானம் இல்லை. பாலத்துக்குப் பின்னால் மரங்கள் திரை கட்டிவிட்டன. வானத்தின் வெளிச்சத்தைக்கூட இலைகளின் மேலும் தண்ணீரிலும்தான் தேட வேண்டும். இரண்டாவது கேள்வி: பாலத்தில் எப்படி ஏறுவது? அதற்கும் வழியில்லை. பாலம் எங்கே கரையைத் தொடுகிறது என்பதை மோனே நமக்குக் காட்டவில்லை. மேலே ஒரு ஆளும் நிற்கவில்லை. பாலம் என்றாலே கடந்து போகத்தான், ஆனால் இது கடக்க முடியாத பாலம். வேறு போக்கிடம் இல்லாததால் கண் மறுபடி மறுபடி தண்ணீருக்கே இறங்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்து இது தற்செயல் இல்லை, ஏற்பாடு.

உருவங்களை இப்படி ஓரத்தில் வெட்டிவிடுவது ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களில் சகஜம். மோனேவிடம் அப்படிப்பட்ட படங்கள் 200-க்கு மேல் இருந்தன. தான் குடியிருந்த ஜிவர்னி கிராமத்து வீட்டின் சுவர்களில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1856-இல் எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) கமெய்தோ கோயிலை வரைந்த படம் ஒன்று உண்டு: முதுகு வளைத்த பாலம், மேலிருந்து சரம் சரமாகத் தொங்கும் ஊதா விஸ்டீரியாப் பூக்கள், கீழே குளம். அதைப் பார்த்துவிட்டு ஜிவர்னிப் பாலத்தைப் பாருங்கள்.

போகிற போக்கில் ஒரு குறிப்பு. மோனேயும் பிற்பாடு தன் பாலத்துக்கு மேல் விஸ்டீரியாவைப் படரவிட ஒரு பந்தல் வளைவு கட்டினார். 1899 படங்களில் அது கிடையாது. ஒற்றை வளைவு என்றால் முந்தைய படம், இரட்டை வளைவு என்றால் பிந்தையது. நண்பர்களிடம் பந்தா காட்ட உதவும்.

இனி வாளி

இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்பட வேண்டாம்.

வாய் அகன்ற ஒரு வாளியையோ அண்டாவையோ மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோய், ஒரு மரம் தெரியும் இடத்தில் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். உள்பக்கம் கறுப்பாக இருந்தால் உத்தமம். தண்ணீர் அசைவு நின்றதும் வேப்பிலையோ செம்பருத்தி இலையோ ஒன்றை மெதுவாக மிதக்கவிடுங்கள். ஒரு முழம் உயரத்திலிருந்து அந்த இலையைக் கூர்ந்து பாருங்கள். நரம்புகள் தெரியும், ஓரத்தில் ஒட்டிய காற்றுக் குமிழி தெரியும். அந்த நேரத்தில், சுற்றியுள்ள தண்ணீரில் தெரியும் மரம் கலங்கலாகத்தான் இருக்கும்.

இப்போது பார்வையை நகர்த்தாமல், தண்ணீருக்குள் தெரியும் மரத்தின் உச்சிக்கிளையைப் பிடிக்கப் பாருங்கள். கண்ணுக்குள் ஏதோ இழுபடுவது போல இருக்கும். கிளை தெளிவாகும், அதே கணத்தில் இலை மங்கிவிடும். இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, ஒரே தண்ணீரின் மேல்தான். ஆனாலும் இரண்டையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க உங்களால் முடியாது. மரம் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அதன் பிம்பமும் பத்து மீட்டர் தொலைவில் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். இலையோ ஒரு முழத்தில் கிடக்கிறது. கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் மடங்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் செல்போன் கேமராவை இலைக்கு மிகக் கிட்டே கொண்டுபோய், திரையில் ஒரு முறை இலையையும் ஒரு முறை பிம்பத்தையும் தொட்டுப் பாருங்கள். அதற்கும் இதே கதிதான்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. வாளிக்கு நேர் மேலே குனிந்து எட்டிப் பார்த்தால் அடி தெரியும். நகர்ந்து, தாழ உட்கார்ந்து சாய்வாகப் பார்த்தால் அடி காணாமல் போய், தண்ணீர் முழுக்கக் கண்ணாடியாகிவிடும். கிட்டத்துத் தண்ணீரை நாம் எப்போதும் மேலிருந்து பார்க்கிறோம், தூரத்துத் தண்ணீரைச் சாய்வாகப் பார்க்கிறோம். அதனால்தான் குளத்தங்கரையில் நின்றால் காலடியில் ஆழமும் எதிர்க்கரையில் பிம்பமும் தெரிகின்றன.

சரி, படத்துக்குத் திரும்புங்கள். மிதக்கும் இலை, தலைகீழ் மரம், அடியில் இருட்டு. வாளியில் மாறி மாறித்தான் கிடைத்த மூன்றையும் மோனே ஒரே துணியில், ஒரே பரப்பில், ஒரே அளவு அழுத்தத்தோடு வைத்திருக்கிறார். நம் கண் ஒரு நொடியில் செய்ய முடியாததைப் படம் செய்துவிட்டு அசையாமல் நிற்கிறது. அவர் வெறும் தோற்றத்தைத்தான் பதிவு செய்தார், கேமரா மாதிரி என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த வாளியைத்தான் நீட்டுவேன்.

இந்த மாயம் வேலை செய்வதற்கு அவர் கையாண்ட வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. அல்லி இலைகளைப் படுக்கைவாக்கில் இழுக்கிறார். பிம்பங்களைச் செங்குத்தாக இழுக்கிறார். கிடப்பது கிடையாக, தொங்குவது நெட்டுக்குத்தாக. துணியில் பாவும் ஊடையும் போல இரண்டும் குறுக்கே மறுக்கே ஓட, அந்தப் பின்னலே தண்ணீராகத் தெரிகிறது. படத்தில் 'தண்ணீர்' என்று தனியாக எதையும் அவர் பூசவில்லை. விரலால் காற்றில் அந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்து பாருங்கள். இங்கே கிடை, இங்கே நெடுக்கு. ஐந்து நிமிஷத்தில் கை பழகிவிடும். அப்புறம் மோனேயின் எந்தக் குளத்தைப் பார்த்தாலும் எது மேலே மிதக்கிறது, எது உள்ளே தொங்குகிறது என்று கண் தானே பிரித்துக்கொள்ளும்.

கூடவே இலைகளின் வடிவத்தையும் கவனியுங்கள். நமக்குக் கிட்டே இருப்பவை சற்றே அகன்ற வட்டங்கள். போகப் போகச் சப்பையாகி, பாலத்தருகே வெறும் கோடுகளாகிவிடுகின்றன. தோசையை மேலிருந்து பார்ப்பதற்கும் தட்டின் விளிம்பு மட்டத்தில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். குளம் சுவர்போல் நிமிர்ந்து நிற்காமல் படுத்துக் கிடப்பது இதனால்தான். பாலத்தின் பிம்பம் எங்கே விழுகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.

இப்போது கிட்டே போகலாம்

நேரில் இருந்தால், கயிறோ தரையில் கோடோ இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். விரலை நீட்டிக் காட்டும் பழக்கம் உள்ளவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது. நான் ஒருமுறை காவலரின் கனைப்பைச் சம்பாதித்திருக்கிறேன். திரையில் என்றால் இஷ்டம்போலப் பெரிதாக்கலாம், கனைக்க ஆளில்லை.

ஒரே ஒரு பூவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்ட இருந்து பார்த்தபோது அது இதழ்களோடு நன்றாக மலர்ந்திருந்தது. பக்கத்தில் போனால் பூவையே காணோம். கெட்டி வெண்ணெயைக் கத்தியால் வழித்து வைத்ததுபோல ஒரு வெள்ளை அப்பல், தூரிகை மயிர்களின் தடம் அதன்மேல் வரி வரியாக. அதன் ஓரம் ஒரு ரோஸ் தீற்றல். அடியில் கொஞ்சம் கரும்பச்சை. அவ்வளவுதான் பூ. இதழ் ஒன்றுகூட வரையப்படவில்லை. வெள்ளை அப்பலின் மேடு காலரி விளக்கின் ஒளியை வாங்கித் தானே மினுங்குகிறது. ஒரு அடி பின்னால் வையுங்கள், இன்னும் ஒரு அடி. எந்த அடியில் அது மறுபடி பூவாகிறது என்று பாருங்கள். நான் இதை நாலைந்து தடவை முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு குழந்தையும் என்னோடு சேர்ந்துகொண்டது.

இந்த மாதிரி அப்பல்களைத்தான் 1874-இல் பாரிஸ் விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள். மோனேயும் நண்பர்களும் அந்த வருஷம் சொந்தமாக நடத்திய கண்காட்சியில் அவருடைய 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' இருந்தது. லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் தலைப்பில் இருந்த அந்தச் சொல்லையே எடுத்துக் கேலிப் பெயராக்கினார். கேலிப் பெயரே கடைசியில் அந்த ஓவியர்களின் பாணிக்குப் பெயராக நிலைத்துவிட்டது. இம்ப்ரஷனிசம் என்ற சொல்லுக்கு அதற்குமேல் பெரிய தத்துவம் தேட வேண்டியதில்லை.

நிறத்தில் கறுப்பைத் தேடுங்கள்

பாலத்தடி நிழலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு போல இருக்கும், ஆனால் உள்ளே போகப் போகக் கரும்பச்சை, நீலம், ஊதா என்று பிரியும். மோனே 1905-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தான் பயன்படுத்தும் நிறங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, கரும் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. ஆறே ஆறு, கறுப்பு அதில் இல்லை. இவ்வளவு பெரிய குளம் இந்த ஆறுக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் மளிகைக் கடைப் பட்டியல் ஞாபகம் வருகிறது எனக்கு.

பச்சைகளை எண்ணிப் பாருங்கள். மஞ்சள் கலந்த இளம்பச்சை, நீலத்துக்குச் சாயும் பச்சை, பழுப்பேறிய பச்சை. நான் பதினொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். இத்தனை பச்சைக்கு நடுவில் அல்லியின் சின்னச் சின்ன ரோஸ் புள்ளிகள் ஏன் இப்படித் துள்ளுகின்றன? பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் சிவப்புக்குக் கூடுதல் சூடு ஏறும். வெற்றிலையில் குங்குமம் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சித்திரத் திரை நெய்யும் ஆலையின் சாயப் பிரிவில் வேலை பார்த்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதைப் பற்றி 1839-இலேயே விரிவாக எழுதிவிட்டார். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர்களுக்கு அது பழக்கமான விஷயம்.

குளத்தின் கதையை இந்த இடத்தில் தெரிந்துகொள்ளலாம்

முன்னாலேயே சொல்லியிருந்தால் கதையைத்தான் பார்த்திருப்பீர்கள், படத்தை இல்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் வைத்திருந்தேன்.

இது மோனே எங்கேயோ போகும்போது கண்ணில் பட்ட குளம் இல்லை. அவர் வெட்டிய குளம். பாரிஸிலிருந்து 75 கிலோமீட்டர் அளவில், நார்மண்டியில் உள்ள ஜிவர்னிக்கு 1883-இல் வாடகைக்குக் குடிவந்தார். 1890-இல் அந்த வீட்டை வாங்கினார். 1893-இல் வீட்டுத் தோட்டத்துக்கு எதிரே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்தை வாங்கி, எப்ட் ஆற்றின் கிளையிலிருந்து தண்ணீர் திருப்ப அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வெளிநாட்டுச் செடியை எல்லாம் கொண்டுவந்து ஆற்றுத் தண்ணீரைக் கெடுத்துவிடுவான் இந்த ஆள் என்று பயம். கண்ணுக்கு விருந்தாகவும், வரைவதற்குப் பொருளாகவும்தான் கேட்கிறேன் என்று மோனே மாவட்ட அதிகாரிக்கு எழுதினார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

செடிகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஐரோப்பாவின் குளிர் தாங்கும் அல்லிகள் பெரும்பாலும் வெள்ளைதான். லத்தூர்-மார்லியாக் என்ற நாற்றங்கால்காரர் வெளிநாட்டு அல்லிகளோடு இனம் கலந்து, குளிரையும் தாங்கி மஞ்சளும் ரோஸும் சிவப்புமாகப் பூக்கும் வகைகளை உண்டாக்கினார். ஈபிள் கோபுரம் திறக்கப்பட்ட அதே 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். மோனே அவரிடமிருந்துதான் வரவழைத்தார். ஆக நீங்கள் பெரிதாக்கிப் பார்த்த அந்த ரோஸ் தீற்றல், அப்போது சந்தைக்கு வந்து சில வருஷமே ஆகியிருந்த ஒரு புதுச் சரக்கு.

குளத்துக்கென்றே ஒரு தோட்டக்காரர் இருந்தார். படகில் போய்ப் பாசியை வழிப்பார், இலைகளின் தூசியைக் கழுவுவார். எதிர்ச் சாலையின் புழுதி அல்லி மேல் படிகிறதென்று தன் செலவில் அதற்குத் தார் போடவைத்தார் மோனே. ரயிலும் அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1877-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்தைப் புகையோடு திரும்பத் திரும்ப வரைந்த அதே மனிதர், தன் தோட்டத்தை ஒட்டி ஓடிய ரயிலைக் குளத்துப் படங்களுக்குள் நுழையவிடவில்லை. படத்தில் தெரியும் அமைதி அவர் உண்டாக்கியது.

மணி என்ன?

இங்கே நம் ஊர் ஞாபகம் கொஞ்சம் தடுக்கும். அல்லி என்றால் நிலவைப் பார்த்து இரவில் மலர்வது என்று படித்து வளர்ந்திருக்கிறோம். மோனேயின் குளத்தில் இருந்தவை பகலில் பூக்கும் வகை: காலையில் விரிந்து, பிற்பகல் சாயும்போது மூடிக்கொள்ளும். பூக்கள் விரிந்திருக்கும் படம் என்றால் அது அந்த நேரத்துக்குள் வரைந்தது.

மோனே ஒரே இடத்தில் பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து வரைகிறவர். வைக்கோல் போர்களை வரைந்த படங்களில் பேர்போன பழக்கம். பாலத்தையும் அப்படித்தான் திரும்பத் திரும்ப வரைந்து, 1900-இல் துராந்-ரூயல் காலரியில் காட்சிக்கு வைத்தார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இரண்டு இருக்கின்றன: 1899-இன் 'பச்சை இசைவு', 1900-இன் 'ரோஸ் இசைவு'. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே பாலம், ஏறக்குறைய அதே இடம். எது எந்த நேரம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். தப்பாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. எனக்குப் பச்சைதான் பிடிக்கும். ரோஸ் படத்தில் கொஞ்சம் சர்க்கரை கூடிவிட்டது என்பது என் எண்ணம்.

கையால் மறைத்துப் பாருங்கள்

லண்டன் படத்துக்கே திரும்பி, ஒரு காகிதத்தால் மேற்பாதியை மறைத்துவிடுங்கள். பாலம் போய்விடும், கரை போய்விடும். மிச்சம் இருப்பது தண்ணீரும் அல்லியும் மட்டும். அடுத்த சில வருஷங்களில் மோனே செய்தது இதுதான். 1901-இல் கூடுதல் நிலம் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள 1906-ஆம் வருஷத்து 'அல்லிகள்' படத்தைப் பாருங்கள், கரையே இல்லை. எது மேல், எது கீழ் என்று சொல்ல சப்பையான இலைகள் மட்டும்தான் துணை. 1909-இல் இப்படிப்பட்ட 48 படங்களை ஒரே கண்காட்சியில் வைத்தார். நேராக இவற்றில் தொடங்கியவர்கள்தான் 'ஒன்றும் புரியவில்லை' என்று ஓடிவிடுகிறார்கள். வாளியும் பாலமும் கடந்து வந்தவர்களுக்கு அந்தச் சிக்கல் வராது.

பாரிஸின் மார்மோத்தான் அருங்காட்சியகத்தில் இதே பாலத்தை அவர் வயதான காலத்தில் வரைந்த படங்கள் உள்ளன. செங்கல் சிவப்பும் பழுப்புமாக, தீப்பிடித்த புதர் போல. பாலம் எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். 1912-இல் அவருக்குக் கண்புரை என்று தெரிந்தது, 1923-இல் வலது கண்ணில் அறுவை நடந்தது. கண்புரை உள்ளவர்களுக்கு உலகம் பழுப்பேறித் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ட்யூபில் எழுதியிருக்கும் நிறத்தின் பெயரை அவரால் படிக்க முடியும், இருபது வருஷப் பழக்கமும் கையில் இருந்தது. கண் பாதி, துணிச்சல் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரில் போகிறவர்களுக்கு

நேஷனல் காலரியின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கும் வெறி தேவையில்லை. திறந்ததும் உள்ளே போய் நேராக மோனேவிடம் போங்கள்.

பாரிஸில் ஒராஞ்சரி அருங்காட்சியகம். முதல் உலகப் போர் நின்ற 1918 நவம்பரில், நாட்டுக்குத் தன் பரிசாக ஓவியங்களைத் தருவதாக மோனே பிரதமர் க்ளெமான்சோவுக்கு எழுதியதில் தொடங்கியது இது. இரண்டு நீள்வட்டக் கூடங்கள், எட்டுப் பெரும் படைப்புகள். உயரம் சுமார் 2 மீட்டர், நீளத்தைக் கூட்டினால் 90 மீட்டருக்கு மேல். 1927-இல் திறந்தபோது அவர் இல்லை. 1926 டிசம்பரில் காலமாகிவிட்டார். கூரை வழியே பகல் வெளிச்சம் வடிந்து வருவதால் மேகம் மறைக்கும்போது குளமும் இருளும். மேகமூட்டமான நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓர்சேயும் மார்மோத்தானும் திங்களன்று மூடியிருக்கும்.

ஜிவர்னிக்கு சேன்-லசாரிலிருந்து வெர்னோன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. தோட்டம் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் முதல் தேதி வரைதான். அல்லி பூக்க ஜூன் கடைசியாவது ஆகும். ஏப்ரலில் போய் இலைகூட இல்லையே என்று திரும்பியவர்கள் உண்டு. இப்போது நிற்கும் பாலம் மோனே கட்டியது இல்லை. பழையது உளுத்துப்போய், தோட்டத்தை 1980-இல் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன் புதிதாகச் செய்து வைத்தது. அதன்மேல் எப்போதும் கூட்டம் நிற்கும். படத்தில் ஏற முடியாத பாலத்தில் ஏறி நிற்பது ஒரு சந்தோஷம்தான், ஆனால் அங்கிருந்து பார்த்தால் பாலம் தெரியாது. எதிர்க்கரைக்குப் போய், குளத்தின் குறுக்கே பாலம் தெரியும் இடத்தில் நின்று கண்ணைச் சுருக்குங்கள்.

அப்புறம், மொட்டை மாடியில் வைத்த வாளியை மறந்துவிடாதீர்கள். இரண்டு நாள் விட்டால் கொசுப் புழு வந்துவிடும். பார்த்து முடித்ததும் தண்ணீரைப் பூந்தொட்டியில் ஊற்றிவிடுங்கள்.